கப்பலின் பின்கட்டு அறை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

உல்லாசக் கப்பலில் பின்புறக் கடலைப் பார்த்த அறையை எடுக்கலாமா என்று கேட்டு இந்த மாதம் மட்டும் எட்டுக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அறுபதாம் கலியாணம், பேரப்பிள்ளைகளின் விடுமுறை, சிங்கப்பூரில் இருக்கும் மகன் அனுப்பிய டிக்கெட் என்று ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒவ்வொரு காரணம். சரக்குக் கப்பல்களின் என்ஜின் அறையில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுக் காரைக்குடியில் வந்து உட்கார்ந்தவன் என்பதால், ஆசிரியர் கடிதங்களை மொத்தமாக என்னிடம் அனுப்பிவிட்டார். பெயர்களை நீக்கி, ஊர்களை மட்டும் வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

எங்கள் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) வரும் தை மாதம் அறுபது நிறைகிறது. ஊரில் அறுபதாம் கலியாணச் சாந்தியை முடித்துக்கொண்டு, திருச்சியில் விமானம் ஏறிச் சிங்கப்பூர் சென்று, அங்கிருந்து பினாங்கு, புக்கெட் வரை நான்கு இரவுகள் கப்பலில் போய்வர நினைக்கிறோம். அப்பச்சி, ஆத்தா, எண்பத்துநான்கு வயது அப்பத்தா, நாங்கள் இருவர், ஐந்து வயது மகன் என ஆறு பேர். பின்புறத்தைப் பார்த்த பால்கனி அறைகள்தான் கப்பலிலேயே சிறந்தவை, மூன்று அறைகளையும் அங்கேயே போட்டுவிடலாம், கொஞ்சம் கூடுதலாகும் என்கிறார் பயண ஏஜென்ட். எடுக்கலாமா?
— வாசகி, பள்ளத்தூர்

ஒரு அறையை எடுங்கள்; மூன்றையும் எடுக்காதீர்கள். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மற்றக் கடிதங்களுக்கான பதிலும் பெரும்பாலும் இதற்குள்ளேயே இருக்கிறது.

முதலில் ஏஜென்ட் சொன்னதில் இருக்கும் உண்மை. பக்கவாட்டுப் பால்கனியில் உட்கார்ந்தால் கடல் ஒரு பக்கத்தில் மட்டும் விரிந்து, ஒரே திசையில் நகர்ந்துகொண்டே இருக்கும். பின்புறப் பால்கனியில் இரண்டு பக்கத்து அடிவானமும் ஒருசேரக் கண்ணுக்குள் வரும். நடுவில் கப்பல் உழுதுவிட்டுப் போகும் தடம் நீண்டுகொண்டே போகும். அந்தத் தடத்தை ஒரு மணி நேரம் பார்த்தவர்களுக்குத்தான் அதன் நயம் தெரியும். கப்பலை ஒட்டிய இடத்தில் தண்ணீர் பால் கலந்த பச்சையாகக் கொதித்து எழும்பும், சற்றுத் தள்ளி வெள்ளை நுரையாகப் பிரியும், அதற்கும் அப்பால் நுரை அடங்கி, சுற்றிலும் அலையடித்துக்கொண்டிருக்கும் கடலின் நடுவே இஸ்திரி போட்ட வேட்டி போல வழவழப்பான ஒரு பாதை மட்டும் வெகுதூரம் வரை மிஞ்சும். துறைமுகத்தை விட்டுப் புறப்படும் நேரத்தில் ஊர் முழுவதும் உங்கள் முன்னால் சிறுத்துக்கொண்டே போவதும் இங்கிருந்து பார்க்க வேண்டிய காட்சிதான். ஆனால் ஒரு துறைமுகம் நெருங்கி வருவதை இங்கிருந்து பார்க்க முடியாது. அதற்கு நீங்கள் மேல்தளத்துக்குத்தான் ஏற வேண்டும்.

காற்றும் இங்கே கட்டுக்குள் இருக்கும். மணிக்கு 20 கடல்மைல், அதாவது ஏறத்தாழ 37 கிலோமீட்டர் வேகத்தில் கப்பல் போகும்போது, எதிர்க்காற்றைக் கப்பலின் கட்டடமே முன்னால் நின்று தடுத்துவிடுவதால், பின்புறப் பால்கனியில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு காப்பி குடிக்கலாம். எப்போதாவது காற்று சுழித்துக்கொண்டு உள்ளே புகும், அவ்வளவுதான். பக்கவாட்டு அறைகள் சிலவற்றில் உயிர்காப்புப் படகுகள் கண்ணை மறைத்துக்கொண்டு தொங்குவது உண்டு. பின்புறம் பார்த்த அறைக்கு அந்தத் தொல்லையும் இல்லை.

இனி ஏஜென்ட் சொல்லாமல் விட்டது. நம் பக்கத்து டவுன் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து போனவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. நடு சீட்டில் இருப்பவர் அசையாமல் தூங்கிக்கொண்டிருக்கும் அதே மேடு பள்ளம், கடைசி சீட்டில் இருப்பவரைத் தூக்கிப் போடும். கப்பல் அலையில் முன்னும் பின்னுமாக ஏறி இறங்கும்போது நடுப்பகுதி அதிகம் அசைவதில்லை, இரண்டு நுனிகளும்தான் உயர்ந்து தாழ்கின்றன. அலையை நேரே போய் முட்டுவது முன்புறம் என்பதால் அங்கே ஆட்டம் இன்னும் கூடுதல், பின்புறம் அதற்கு அடுத்தது. கப்பலின் இருபுறமும் தண்ணீருக்கு அடியில் மீனின் துடுப்பு போல நீட்டிக்கொண்டிருக்கும் நிலைப்படுத்திகள் ஆட்டத்தை அடக்கிவிடும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். அவை அடக்குவது பக்கவாட்டு ஆட்டத்தை மட்டுமே. முன்பின் ஆட்டத்துக்கு அவற்றால் பயனில்லை.

உங்கள் பயணத்துக்கு ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. மலாக்கா நீரிணை சுமத்ரா தீவுக்கும் மலாய்த் தீபகற்பத்துக்கும் இடையே ஒதுங்கிக் கிடப்பதால் பெரும்பாலும் அமைதியான கடல்; தை மாதத்தில் வடகிழக்குப் பருவக்காற்று புக்கெட் பக்கத்துக் கடலையும் அவ்வளவாகக் கலக்காது. இதே பயணத்தை ஆடியில் போட்டிருந்தால், தென்மேற்குப் பருவக்காற்றில் அந்தமான் கடல் திறந்துகொள்ளும் இடத்தில் பின்புற அறைக்காரர்களுக்கு நார்த்தங்காயும் சுக்கும் தேவைப்பட்டிருக்கும்.

ஆகவே உங்களுக்கு ஆட்டத்தைவிட நடைதான் பெரிய சிக்கல். சிங்கப்பூரில் இருந்து புறப்படும் பெரிய கப்பல்களில் ஒன்றான ஜென்டிங் ட்ரீமின் நீளம் 335 மீட்டர், ஏறக்குறைய பதினான்கு ரயில் பெட்டிகளை வரிசையாக நிறுத்திய நீளம். நாடக அரங்கு பொதுவாக இத்தகைய கப்பல்களில் முன்புறத்தில் இருக்கும். கானாடுகாத்தானில் பெரிய வீடுகளின் முகப்பில் நின்று பார்த்தால் வாசலுக்கு நேர் வாசலாக வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் கடந்து பின்வாசல் வெளிச்சம் ஒரு புள்ளியாகத் தெரியும் அல்லவா, கப்பலின் நடைபாதையும் அப்படித்தான் தெரியும்; வெளிச்சப் புள்ளி இருக்காது, ஒரே மாதிரியான கதவுகள் மட்டும் இரண்டு பக்கமும் வரிசையாக நிற்கும். எண்பத்துநான்கு வயதில் முழங்கால் வலியோடு அப்பத்தா ஒரு நாளைக்கு நான்கு முறை அந்தத் தூரத்தை நடப்பார் என்று கணக்குப் போடாதீர்கள். முதல் நாள் நடப்பார், பிறகு 'நீங்க போய்ட்டு வாங்க, நான் இங்கனயே இருக்கேன்' என்று சொல்லிவிடுவார். மீதி மூன்று நாளும் அறைக்குள்ளேயே கழியும்.

அப்பத்தாவுக்கும் உங்களுக்கும் கப்பலின் நடுவில், லிஃப்டுக்கு அருகே, இடையில் கதவு உள்ள இரண்டு அறைகள் கிடைக்குமா என்று கேளுங்கள். பேரனுக்கும் அவருக்கும் அது வசதி. பின்புறப் பால்கனி அறை ஒன்றை மட்டும் அறுபது நிறைந்த தம்பதிக்குக் கொடுத்துவிட்டு, மாலையில் எல்லாரும் அங்கே போய் உட்காருங்கள். பையனை மட்டும் அந்தப் பால்கனியில் நாற்காலியோடு தனியே விட வேண்டாம். கம்பி உயரமாகத்தான் இருக்கும், ஆனால் நாற்காலியும் ஏறுவதற்குத்தான் என்பது ஐந்து வயதின் கணக்கு.

'ஆஃப்ட் கேபின்' என்று எழுதிக் கொடுத்ததை நம்பிப் பணம் கட்டினேன். போய்ப் பார்த்தால் பக்கவாட்டைப் பார்த்த அறை. பின்புறக் கடலைப் பார்க்க வேண்டுமானால் நடைபாதையின் முனைக்கு ஓட வேண்டியிருந்தது. இது ஏமாற்று இல்லையா?
— வாசகர், தேவகோட்டை

ஏமாற்று என்று சொல்ல முடியாது. சொல்லை முழுதாகக் கேட்காததால் வந்த வினை. 'ஆஃப்ட்' என்றால் கப்பலின் பின்பகுதியில் இருக்கும் அறை, அவ்வளவுதான். அதன் பால்கனி இடப்புறத்தையோ வலப்புறத்தையோ பார்த்திருக்கலாம். பின்புறக் கடலைப் பார்த்த அறைக்கு 'ஆஃப்ட் ஃபேஸிங்' என்று தனியாகப் பெயர். முதல் வகை ஒரு கப்பலில் நிறைய இருக்கும். இரண்டாவது வகை கப்பலின் அகலத்துக்குள் எத்தனை அறை அடங்குமோ அத்தனைதான், ஒரு தளத்துக்குச் சில அறைகளே தேறும். அதனால்தான் அவை முதலில் விற்றுப்போகின்றன. முதல் வகையில் பின்புறத்தின் அதிர்வும் நடையும் முழுதாக வந்துவிடும், காட்சி மட்டும் வராது. உங்களுக்கு நேர்ந்தது அதுதான்.

தொண்டிக் கடற்கரையில் ஒரு மீனவரிடம் கேட்டிருந்தால் படகின் முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம் என்று குழப்பமே இல்லாமல் சொல்லியிருப்பார். அடுத்த முறை அறை எண்ணை வாங்கி, கப்பலின் தளப்படத்தில் அந்த எண்ணைத் தேடி, அது கடைசிக் குறுக்குக் கோட்டில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். அறை எண்ணைப் பிறகு சொல்கிறோம் என்று குறைந்த விலைக்குத் தருவார்களே, அந்த வகை டிக்கெட்டில் பின்புற அறையை எதிர்பார்ப்பது பரிசுச் சீட்டு வாங்குவது மாதிரி.

பின்புற அறையில் தரை நடுங்கும், இரவில் தூங்க முடியாது என்று என் மைத்துனர் பயமுறுத்துகிறார். அவர் சொல்வது எல்லாக் கப்பலுக்கும் பொருந்துமா?
— வாசகர், கோட்டையூர்

இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன், ஏனென்றால் இது என் தொழில்.

கப்பலைத் தள்ளும் புரொப்பெல்லர் பின்புற அறைகளுக்கு நேர் கீழே தண்ணீருக்குள் சுற்றுகிறது. கப்பலின் உடலை உரசிக்கொண்டு வரும் தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் வருவதில்லை. மேல்பக்கம் மந்தமாகவும் கீழ்ப்பக்கம் விரைவாகவும் வரும். புரொப்பெல்லரின் ஒவ்வொரு இலையும் சுற்றிவரும்போது மந்தமான நீருக்குள் நுழைந்து வெளியேறுகிறது. ஒவ்வொரு நுழைவும் மேலே இருக்கும் இரும்புத் தகட்டின் மேல் ஒரு தட்டு. அதோடு, இலையின் முதுகில் அழுத்தம் மிகவும் குறையும் இடத்தில் தண்ணீரே ஆவிக் குமிழாகி, அடுத்த கணம் நசுங்கி வெடிக்கும். அந்த வெடிப்பும் சேர்ந்துகொண்டால் நடுக்கம் இன்னும் தெளிவாகத் தெரியும். உங்கள் மைத்துனர் படுக்கையில் உணர்ந்தது இந்தத் தாளத்தைத்தான்.

பழைய முறையில் என்ஜினில் இருந்து நீண்ட தண்டு பின்னால் வந்து புரொப்பெல்லரைச் சுற்றும். அதற்கு மாற்றாக, மின்மோட்டாரையே ஒரு குடுவைக்குள் வைத்துக் கப்பலின் அடியில் தொங்கவிட்டு, புரொப்பெல்லரை அதன் முன்பக்கம் பொருத்தி, கப்பலைத் தள்ளாமல் இழுக்கும் அசிபாட் என்ற முறை வந்தது. பயணிகள் உல்லாசக் கப்பலில் அதை முதலில் பொருத்தியது 1998-இல் வந்த கார்னிவல் எலேஷன் கப்பலில். முன்பக்கம் இருப்பதால் புரொப்பெல்லருக்குக் கலங்காத நீர் கிடைக்கிறது, நடுக்கமும் வெகுவாகக் குறைகிறது. ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி, கப்பல் எந்த ஆண்டில் கட்டப்பட்டது, அது அசிபாட் கப்பலா, தண்டுக் கப்பலா என்பதுதான். சென்னையில் இருந்து 2023-இல் இலங்கைத் துறைமுகங்களுக்குச் சென்றுவந்த எம்பிரஸ் கப்பல் 1990-இல் கட்டப்பட்டது, நீளம் 211 மீட்டர். அத்தகைய பழைய, சிறிய கப்பலில் பின்புற அறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே நடுவில் எடுப்பதே நல்லது.

புதிய கப்பலிலும் ஒரு நேரத்தில் மட்டும் நடுக்கத்தைத் தவிர்க்க முடியாது: விடியற்காலையில் கப்பல் துறைமுகத்தில் அணையும் நேரம். அப்போது கப்பலை நிறுத்தவும் திருப்பவும் விசையை மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள். இரவில் மேசைமேல் ஸ்பூனோடு விட்டு வைத்த டம்ளர் ஐந்து மணிக்குக் கிணுகிணுவென்று பேச ஆரம்பித்தால், ஊர் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். தாழ்ந்த தளங்களில் இருப்பவர்களுக்குப் பின்புறக் கயிறுகளை இழுத்துக் கட்டும் பொறியின் உறுமலும் இலவசமாகக் கிடைக்கும். ஸ்பூனை எடுத்து வைத்துவிட்டுப் படுங்கள்.

மேல்தளத்தில் எடுத்தால் காட்சி நன்றாக இருக்குமா, கீழ்த்தளத்தில் எடுத்தால் ஆட்டம் குறையுமா?
— வாசகி, ஆத்தங்குடி

இரண்டும் சரி, ஆனால் தளத்தைவிட, அறையின் தலைக்கு மேல் என்ன இருக்கிறது, காலுக்குக் கீழ் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். பல கப்பல்களில் பின்பகுதியின் மேல்தளத்தில் பஃபே உணவகமும் நீச்சல் குளமும் இருக்கும். பெரிய சாப்பாட்டு அறை அதே பின்பகுதியில் கீழ்த்தளங்களில் இருக்கும். நம் வீடுகளிலும் அடுப்படி பின்கட்டில்தானே? அதிகாலையில் பாத்திரச் சத்தம் கேட்டு எழுந்தவர்களுக்கு இது புதிதல்ல. கப்பலில் உங்களை எழுப்புவது பாத்திரமாக இருக்காது, மேலே விடியற்காலையில் நாற்காலிகளைத் தரையில் இழுத்து வரிசையாக்கும் சத்தம்தான். மேலேயும் அறைகள், கீழேயும் அறைகள் என்று நடுவில் அகப்பட்ட தளத்தை எடுங்கள். தளப்படத்தில் மேல்தளத்துப் பக்கத்தையும் கீழ்த்தளத்துப் பக்கத்தையும் திருப்பிப் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.

இன்னொன்று. சில கப்பல்களின் பின்புறம் படிக்கட்டு போல அடுக்கடுக்காகப் பின்வாங்கியிருக்கும். அங்கே கீழ்த்தளத்துப் பால்கனிகள் ஆழமாக, இரண்டு சாய்வு நாற்காலி போடும் அளவுக்கு இடத்தோடு இருக்கும். விலையும் அதற்கேற்ப இருக்கும். ஆனால் மேல்தளத்தில் இருப்பவர்கள் எட்டிப் பார்த்தால் உங்கள் தட்டில் என்ன இருக்கிறது என்பது வரை தெரியும். மூலை அறை கிடைத்தால் பால்கனி பின்புறமும் பக்கவாட்டுமாக வளைந்து வரும். அது கிடைத்தால் யோசிக்க வேண்டாம்.

என் கணவருக்கு மூச்சிரைப்பு உண்டு. பின்புறம் போனால் புகை வருமா?
— வாசகி, காரைக்குடி

வரலாம். புகைபோக்கி பெரும்பாலும் கப்பலின் நடுவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. கப்பல் முன்னே போகும்போது புகை பின்னே போகிறது. காற்றின் போக்கைப் பொறுத்துச் சில நாட்களில் அது தாழ்ந்து வந்து பால்கனிகளைத் தொடும். 2020 ஜனவரி 1 முதல் உலகெங்கும் கப்பல் எரிபொருளில் கந்தகம் 3.50 சதவீதத்தில் இருந்து 0.50 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்த பிறகு, அல்லது அதற்கு ஈடாகப் புகையைக் கழுவும் கருவியைப் பொருத்திய பிறகு, நாற்றம் குறைந்திருக்கிறது. கரித்துகள் முற்றிலும் நின்றுவிடவில்லை. நான் பயணியாகப் போன ஒரு கப்பலில், அடுத்த அறைக்காரர் குளித்துவிட்டு நனைந்த வேட்டியைப் பால்கனி நாற்காலியில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்; திரும்பி வந்து எடுத்தபோது அதில் மிளகைப் பொடித்துத் தூவியது போலக் கரிப் புள்ளிகள். தேய்க்கத் தேய்க்க அவை கோடாக இழுத்துக்கொண்டன. அவர் கப்பல் அலுவலகத்தில் சண்டை போட்டார். அவர்கள் வேட்டியைத் துவைத்துக் கொடுத்தார்கள், கோடு போகவில்லை.

உங்கள் கணவருக்குப் பின்புற அறையை எடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எங்கள் ஐயா மலாயாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போனவர். ரஜூலா கப்பலில் தளத்தில் படுத்துக்கொண்டு போனதாகச் சொல்வார். ஏழைகளுக்குக் கொடுத்த பின்புற இடத்தை இப்போது கூடுதல் காசுக்கு விற்கிறார்களே?
— வாசகர், கானாடுகாத்தான்

கடிதத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன், பாதி நியாயமும் இருக்கிறது. ரஜூலா 1926-இல் கட்டப்பட்டு, 1970களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று போய்வந்த கப்பல். உங்கள் ஐயாவைப் போலப் பெரும்பாலோர் அதில் தளப் பயணிகள்தான். படுக்கையையும் டிரங்குப் பெட்டியையும் விரித்த இடமே அவர்களுக்கு அறை. அது முன்புறமா பின்புறமா என்பது இடம் பிடித்த வேகத்தைப் பொறுத்தது.

ஆனால் மேற்கத்தியக் கப்பல்களில் மிகக் குறைந்த கட்டண வகுப்புக்கு 'ஸ்டீரேஜ்' என்று பெயர் வந்ததே, அது சுக்கானை இயக்கும் பொறி இருக்கும் பின்பகுதியில், தளத்துக்கு அடியில் இருந்ததால்தான். அதே பின்பகுதியில், அதற்கு மேல்தளத்தில், பாய்மரக் காலத்துக் கேப்டனின் பெரிய அறையும் இருந்தது. பின்சுவர் முழுவதும் சன்னல் வைத்து, கடலைப் பார்த்துக்கொண்டு அவர் சாப்பிடுவார். ஒரே இடத்தில் மேலே கேப்டன், கீழே சுக்கான் சத்தத்தோடு ஏழைகள். இப்போது உங்களிடம் கூடுதல் காசு கேட்பவர்கள் கேப்டனின் சன்னலுக்குக் கேட்கிறார்கள். எந்தத் தளத்தில் இருக்கிறோம் என்பதைப் பார்க்காமல் வாங்கினால், சன்னலுக்குப் பணம் கொடுத்துவிட்டுச் சுக்கான் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வர வேண்டியிருக்கும்.

பின்புறப் பால்கனியில் காலையில் வெயில் வருமா, மாலையிலா?
— மாணவி, புதுவயல்

வீட்டுக்குத் திசை உண்டு, கப்பலுக்குக் கிடையாது. சிங்கப்பூரில் இருந்து பினாங்கு, புக்கெட் நோக்கிப் போகும்போது கப்பலின் முகம் வடமேற்கில், முதுகு தென்கிழக்கில். அதனால் காலை வெயில் உங்களுக்கு. திரும்பி வரும்போது முதுகு வடமேற்கில், மாலை வெயிலும் சூரியன் மறைவதும் உங்களுக்கு. சென்னையில் இருந்து தெற்கே போகிற கப்பலில் பின்புறம் வடக்கைப் பார்க்கும். தை மாதத்தில் போகும்போது நாள் முழுதும் பெரும்பாலும் நிழல்தான். வரைபடத்தில் பயணக் கோட்டை வரைந்து எதிர்த்திசையில் ஒரு அம்பு போட்டால் போதும்.

இரவில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்காரலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முன்புறம் பார்த்த அறைக்காரர்களை இருட்டியதும் திரையை மூடச் சொல்வார்கள், ஏனென்றால் அவர்களுடைய வெளிச்சம் கப்பலை ஓட்டுபவர்களின் கண்ணை மறைக்கும். உங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனாலும் விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். நிலவு இல்லாத இரவில் நுரைத்தடம் தானாகவே வெளுப்பாகத் தெரியும். பின்னால் தொலைவில் ஒற்றை வெள்ளை விளக்கு மட்டும் தெரிந்தால் அது உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிர்த்திசையில் போகும் கப்பல். பின்விளக்கு வெள்ளையாக, 135 பாகைக்குள் மட்டும் தெரிய வேண்டும் என்பது சர்வதேச விதி. சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால் அது உங்களை நோக்கி வருகிறது. இந்த விளையாட்டைப் பக்கவாட்டு அறையில் பாதிதான் ஆடலாம்.

எல்லாம் சொல்கிறீர்கள். நீங்கள் போனால் எந்த அறையை எடுப்பீர்கள்?
— வாசகர், திருப்பத்தூர்

எடுத்துவிட்டேன். ஓய்வு பெற்ற மறு ஆண்டு எங்கள் வீட்டு ஆச்சியோடு, அதாவது என் மனைவியோடு, போனபோது, புதிய கப்பல், அசிபாட், நடுத்தளம், மேலும் கீழும் அறைகள் என்று இங்கே எழுதிய எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து, பின்புறக் கடலைப் பார்த்த அறையை எடுத்தேன். ஆச்சி மூன்று இரவும் அயர்ந்து தூங்கினார். தாலாட்டுவது போல இருக்கிறது என்றார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. மற்றவர்களுக்குத் தெரியவே தெரியாத அந்த மெல்லிய தாளத்தை என் முதுகு எண்ணிக்கொண்டே இருந்தது. இரண்டாம் நாள் விடியற்காலை நான்கரை மணிக்குத் தாளம் சட்டென்று மாறியது. கப்பல் வேகத்தைக் குறைக்கிறது என்று மூளை சொல்வதற்குள் நான் எழுந்து, இருட்டில் சுவரைத் தடவி, எப்போதோ கழற்றிப் போட்ட என்ஜின் அறைச் சட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஆச்சி விளக்கைப் போட்டு, 'இந்நேரத்துக்கு எங்க கெளம்புறீக?' என்றார்.